அட்லாண்டிக் ஸ்டேஷன், அட்லாண்டா: எஃகு ஆலை மண்ணில் ஆபீஸ் வேலை

அமெரிக்காவின் அட்லாண்டாவில் கடை, ஆபீஸ், வீடு எல்லாம் சேர்ந்த வளாகம் அட்லாண்டிக் ஸ்டேஷன். எங்கள் ஆபீஸ் அங்கே 17-வது தெருவுக்கு மாறியதிலிருந்து தெரிந்தவர்கள் கேட்பதெல்லாம் பார்க்கிங் எப்படி, போக்குவரத்து எப்படி என்றுதான். அதையும் சொல்கிறேன், முதலில் அந்தத் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சுப் பொதி கட்டும் இரும்புப் பட்டை செய்ய 1901-ல் தொடங்கிய ஆலை அது. பிறகு அட்லாண்டிக் ஸ்டீல் என்று வளர்ந்து, 1998-ல் மூடினார்கள். ஊருக்கு நடுவே 138 ஏக்கர், கசடும் கன உலோகமும் எண்ணெயும் ஊறிய மண். ஜேக்கபி என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் அதை வாங்கி, மோசமான மண்ணை லாரி லாரியாக வெளியேற்றியது. எல்லாவற்றையும் அள்ளவில்லை. மீதிக்கு மேலே சுத்தமான மண், கான்கிரீட், கட்டடம் என்று மூடி போட்டு, நிலத்தடி நீரைப் பிடித்து எடுக்கத் தனி ஏற்பாடும் செய்தார்கள். கடைத்தெருவுக்கு அடியில் 7,000 கார்களுக்கு மேல் நிற்கும் பார்க்கிங் இருக்கிறதே, அதன் தளமும் அந்த மூடியில் சேர்த்திதான். 2005-ல் கடைகள் திறந்தன, ஐகியா என்ற பெரிய மரச்சாமான் கடையும் அதே ஆண்டுதான் வந்தது.

நான் ராணிப்பேட்டைக்காரி. 1990-களில் மூடிய ஒரு குரோமேட் ரசாயன ஆலையின் கழிவு எங்கள் பக்கம் லட்சம் டன்னுக்கு மேல் பல வருடம் அப்படியே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் ஓடும். அதனால்தான் இங்கே சுத்தம் செய்யக் காசு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். இந்த நிலத்தில் இனிமேல் கூடுதலாக வரப்போகும் சொத்து வரியைக் காட்டி, கடன் பத்திரம் மூலம் பணம் திரட்டியிருக்கிறார்கள். அதற்கான சிறப்பு வரி மண்டலம் 1999-ல் உருவானது. நிலத்துக்கு நல்ல விலை உள்ள இடத்தில்தான் இது எடுபடும் என்பதும் உண்மை. ஆனாலும் வழி என்று ஒன்று இருக்கிறது, அதை நம் ஊரிலும் யோசிக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

நெடுஞ்சாலைக்கு மேலே போகும் மஞ்சள் பாலத்தின் கதையும் சுவையானது. அப்போது அட்லாண்டாவின் காற்று மத்திய அரசின் தரத்தை எட்டாததால், புதுச் சாலைத் திட்டங்கள் முடங்கிக் கிடந்தன. இதே கட்டடங்களைப் புறநகரில் கட்டினால் மக்கள் இன்னும் அதிகமாகக் கார் ஓட்டுவார்கள், ஊருக்குள் கட்டினால் புகை குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டித்தான் பாலத்துக்கு அனுமதி வாங்கினார்கள். 2004-ல் திறந்தது.

அந்தக் கணக்கு என் விஷயத்தில் சரியாகத்தான் இருக்கிறது. நார்த் ஸ்பிரிங்ஸ் ரயில் நிலையத்தில் காரை விட்டுவிட்டு மார்ட்டா ரயிலில் ஆர்ட்ஸ் சென்டர் நிலையம் வந்தால், அங்கிருந்து இலவசப் பேருந்து. வடக்கே ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் இருப்பவர்கள் 400-ம் எண் நெடுஞ்சாலையில் மல்லுக்கட்டாமல் இப்படி வந்து பாருங்கள். காரில்தான் வருவேன் என்றால், அடித்தளத்தில் நிறுத்திய இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

மைக்ரோசாஃப்ட் இருக்கும் அட்லாண்டிக் யார்ட்ஸ் பெரிய ஆபீஸ் வளாகம். எனக்குப் பிடித்தது 2019-ல் வந்த டி3 (T3) என்ற கட்டடம். ஏழு மாடி, மரத்தால் ஆன ஆபீஸ். உள்ளே போனால் உத்தரத்தைத் தொட்டுப் பாருங்கள், மரத்தின் ரேகை கையில் தட்டுப்படும். எஃகு உருக்கிய மண்ணில் மரத்தூண் நிற்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இங்கே இடம் வாடகைக்குப் பார்ப்பவர்கள், சதுர அடி விலை பேசும் முன் அந்தக் கட்டடத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையைக் கேளுங்கள். எங்கே தோண்டக் கூடாது, நிலத்தடி நீருக்கு என்ன தடை, மூடியை யார் பராமரிக்கிறார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். குழந்தைகள் காப்பகம் நடத்த நினைப்பவர்கள் இதை இன்னும் கறாராகக் கேட்க வேண்டும். மூடி போட்டு வைத்த நிலத்தைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது கடைகளுக்காக. பெரும்பாலும் எந்த மாலிலும் பார்க்கிற பெரிய பெயர்கள்தான். ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த ஹோம் பார்க் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் சின்ன டீக்கடையோ தையல் கடையோ போடுவதற்கு இந்த வளாகத்தில் மலிவாக நாலு இடமாவது ஒதுக்கியிருக்கலாம்.