கல்லுக்குக் குறையில்லை, வயதுச் சீட்டை மாற்றுங்கள்

அடுப்படி மேடைக்கு ஜெட் பிளாக், படிக்கட்டுக்குச் சாம்பல் வரியோடிய கல் என்று மாதவரத்தில் ஒரு கிரானைட் கடையில் வாங்கினோம். நல்ல கல். எண்ணெய் சொட்டித் துடைத்துப் பார்த்தேன், கறை பிடிக்கவில்லை. சிங்க் துளையை அளவு பிசகாமல் வெட்டித் தந்தார்கள். வண்டி பெரம்பூர் வந்து சேரத்தான் தாமதம்.

என் வருத்தமெல்லாம் பலகைகளில் ஒட்டியிருந்த சீட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே வரி: 'இயற்கை கிரானைட், வயது 300 கோடி ஆண்டு'. நிலவியல் படித்தவளுக்கு இதைக் கண்டும் காணாமல் போக மனம் வரவில்லை.

கடைகளில் கருப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட் வகை. பழைய பாறையின் வெடிப்புகளில் புகுந்து இறுகிய குழம்பு அது; சுற்றியுள்ள பாறையைவிட இளையது. வரியோடிய கல்லோ நைஸ் என்னும் உருமாறிய பாறை. அதற்கு ஒற்றை வயது சொல்லி முடிக்க முடியாது.

வரிக்கல் போன்றவற்றுக்குள் மணலைவிடப் பொடியான சிர்கான் படிகங்கள் இருக்கும். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடும். ஆகவே பிற்பாடு அதில் சேரும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 என்ற வகை பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235 என்ற வகைக்குச் சுமார் 70 கோடி. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் விடையை நம்பலாம். பாறை மறுபடி வெந்து உருமாறும்போது பழைய படிகத்தைச் சுற்றிப் புது விளிம்பு வளரக்கூடும். நடுப்பகுதி குழம்பு இறுகிய காலத்தைச் சொல்லும், விளிம்பு உருமாறிய காலத்தைச் சொல்லும். அதே கல்லில் மினுங்கும் கருப்பு மைக்காவைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் சோதித்தால் வயது இன்னும் குறையலாம். பொட்டாசியம் சிதைந்து வரும் ஆர்கான் வாயு சூட்டில் தப்பிவிடுவதால், அது கல் ஆறிய காலம்தான். சீட்டில் இருப்பது இவற்றில் எந்த வயது?

நம் பல்லாவரம் குன்றுகளின் சார்னகைட் என்னும் பாறைக்கே சுமார் 250 கோடி ஆண்டு என்கிறார்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்குப் போனது அந்தக் கல்தான். பாறைக்குப் பெயரும் அவரால் வந்தது. இவ்வளவு பெருமையுள்ள கல்லை ஊகக் கணக்கில் விற்க வேண்டுமா?

மேலாளரிடம் கேட்டேன். "எல்லாப் பலகைக்கும் ஒரே சீட்டுதான் அச்சடிக்கிறோம், அம்மா" என்றார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், வரிக்கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று பில்லிலேயே எழுதியும் கொடுத்தார். அதற்காகவே நான்கு நட்சத்திரம். வயதை எடுத்துவிட்டுக் குவாரியின் ஊரை அச்சடித்தால் ஐந்தாவதையும் தருகிறேன்.