பேக் ஃபயர் அடிக்கும் பழைய மாருதி 800-க்குத் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறை

தகரக் கொட்டகையையும் வாசலில் நிற்கும் வேப்பமரத்தையும் தவிர வேறு அடையாளம் இல்லாத, தச்சநல்லூர்ப் பக்கத்துக் கார் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. நடத்துபவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறார்கள். திருநெல்வேலியில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நானும் அறிவேன்.

என்னுடையது 1994-ஆம் ஆண்டு மாருதி 800; 796 சி.சி., மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி. ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது பானட்டுக்குள் ‘டொப்’பென்று ஒரு வெடிச் சத்தம், அதாவது பேக் ஃபயர், கேட்கும், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். மறுபுறம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் சரவெடி போலப் படபடக்கும். முதலில் காட்டிய வேறொரு பட்டறையில், பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் வந்த கோளாறு என்று சொல்லி, கார்புரேட்டர் கிட், சிலிண்டருக்குள் பொறி விழவைக்கும் மூன்று பிளக்குகள், பெட்ரோல் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றி, கலவைத் திருகையும் திறந்துவிட்டு 4,800 ரூபாய் வாங்கினார்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேரும்போது பழைய கார்புரேட்டரில் கலவை சற்று மெலியும் என்பது உண்மைதான். ஆனால் என் வண்டியின் நோய் அதுவன்று. இரண்டு வாரம் அடங்கியிருந்த வெடி மறுபடியும் வந்துவிட்டது, சைலன்சர்ச் சத்தமோ முன்னைவிடக் கூடியிருந்தது.

தச்சநல்லூர் அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “சத்தம் முன்னால கேக்குதா, பின்னால கேக்குதா, அண்ணாச்சி?” இரண்டு இடத்திலும் என்றேன். அப்படியானால் இரண்டு கோளாறு இருக்கலாம் என்று சொல்லி, என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து, மதுரை ரோட்டில் ஒரு சுற்றும் பாலத்தில் இரண்டு ஏற்றமுமாகச் செவியைத் தீட்டிக்கொண்டு வந்தார். கலவை மெலிந்ததால் வரும் வெடி பெரும்பாலும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போதும் வரும். இந்த வண்டியோ சூடான பிறகு, சுமை ஏறும்போது மட்டும் வெடிக்கிறது, ஆகவே முதலில் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. இருந்தாலும் பட்டறைக்குத் திரும்பியதும் கார்புரேட்டரின் அடிப்பகுதியைச் சுற்றிக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) மாறவில்லை, எனவே அங்கே ஏர் லீக் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார். பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று டைமிங் லைட் வைத்துப் பார்த்தார். அதுவும் சரியாகவே இருந்தது. பிறகு, “இருட்டுன பொறவு வாங்க, கண்ணால காட்டுதேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று மாலை ஏழரை மணிக்குக் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். சலூன் கடையில் இருப்பது போன்ற தண்ணீர் பாட்டிலால் பிளக் ஒயர்களின் மீது பனி போல லேசாகத் தெளித்ததும், பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடித் தலையில் ஓர் ஒயரிலிருந்து அடுத்த ஒயருக்கு நீல நிறத்தில் நூல் போல ஒரு பொறி ஊர்ந்து போவதை நானே பார்த்தேன். பல ஆயிரம் வோல்ட் ஓடும் இடம் என்பதால் என்னை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டியபோது, உட்புறத்தில் ஒன்றாம் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் நடுவே பென்சிலால் கிழித்தது போன்ற கரிக்கோடு ஒன்று இருந்தது.

அந்தக் கோட்டுக்கும் பாலத்து வெடிக்கும் உள்ள தொடர்பை அவர் விளக்கிய விதத்துக்காகவே இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். இந்த எஞ்சினின் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-2. ஒன்றாம் சிலிண்டரில் பொறி விழ வேண்டிய நேரத்தில் மூன்றாம் சிலிண்டர் உள்வால்வைத் திறந்து கலவையை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் ஒன்றாம் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது, அங்கே பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அழுத்தம் குறைந்த மூன்றாம் சிலிண்டருக்குக் கரிக்கோடு சுலபமான வழியாக அமைந்துவிடுவதால், மின்சாரம் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். வால்வு திறந்திருக்கையில் கலவை பற்றிக்கொண்டால் தீ கார்புரேட்டர் வழியாகத்தானே திரும்பும்? சமதளத்தில் அழுத்தம் குறைவு, அதனால் வெடியும் இல்லை.

சைலன்சர்ச் சத்தத்துக்குக் காரணம் வேறு. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை, எஞ்சின் புகையைச் சைலன்சர்க் குழாய்க்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் ஓரத்திலுமாக வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். ‘ப்ச் ப்ச்’ என்று காற்று கசிவது தெளிவாகக் கேட்டது. அந்த இடத்தில் புகைக்கரியும் படிந்திருந்தது. முந்தைய பட்டறையில் கலவையைக் கூட்டிவைத்ததால் எரியாத பெட்ரோல் முன்னைவிட அதிகமாகச் சைலன்சருக்குப் போய், உடைந்த பேக்கிங் வழியாக நுழைந்த காற்றோடு சேர்ந்து, சூடான குழாய்க்குள் பற்றியிருக்கிறது. புதிதாகப் போட்ட மூன்று பிளக்குகளும் அதற்குள் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தன. அவற்றைத் தூக்கிப் போடாமல் துடைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியைச் சரிபார்த்து மாட்டினார்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பிளக் ஒயர் செட், மேனிஃபோல்டு பேக்கிங் ஆகியவற்றை நானே கடையில் வாங்கி வந்தேன். எல்லாம் சேர்ந்து 1,350 ரூபாய் ஆயிற்று. கலவையையும் ஐட்லிங்கையும் சரிசெய்தது உட்பட அவர் வாங்கிய கூலி 900 ரூபாய். பழைய மூடியைக் கேட்காமலே கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்துக்கு இருமுறை போய் வந்தாயிற்று. பாலத்திலும் சரி, பாபநாசம் பாதையிலும் சரி, ஒரு வெடிகூட இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கைப்பேசியை எடுக்கவே மாட்டார். நேரில் போய்த்தான் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு முறை வர மூன்று நாள் ஆயிற்று. ரசீது கேட்டால் சிரிப்பார், ஆகவே அலுவலகத்தில் பில் காட்டிப் பணம் வாங்க வேண்டியவர்களுக்கு இந்த இடம் உதவாது. உட்கார நாற்காலி கிடையாது; சித்திரை மாதத்தில் அந்தத் தகரத்தின் கீழ் அரை மணி நேரம் நிற்பது பெரும் பாடு. கார்புரேட்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளைத் தம்மிடம் ஸ்கேனர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். என் கண் முன்னாலேயே இரண்டு வண்டிகள் அப்படித் திரும்பிப் போயின. காலை பத்து மணிக்கு மேல் திறக்கிறார், வெள்ளிக்கிழமை விடுமுறை.