ரங்கூன் ரோட்டில் ஜப்பான் ரீகண்டிஷன் வண்டி: முதலில் எதைச் சரிசெய்வது?

பர்மாவில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானில் சில வருஷம் ஓடிவிட்டு இங்கே வந்தவை. ப்ராபாக்ஸ், ஃபீல்டர், விட்ஸ், ஃபிட், வேகன் ஆர், அல்ஃபார்ட் என்று எதை எடுத்தாலும் எஞ்சினைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. தினமும் புலம்ப வைப்பது மற்றதெல்லாம்தான். ஜப்பானில் ரோட்டின் இடப்பக்கம் ஓட்டுவார்கள். வண்டியை அதற்காகவே செய்திருக்கிறார்கள். நாம் 1970இலிருந்து வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஸ்டியரிங்கும் வலது, ரோடும் வலது. கண்ணாடி, கதவு, லைட் எல்லாம் எதிர்ப்பக்கத்துக்கு என்று அமைந்துவிட்டன.

வண்டி கைக்கு வந்ததும் பலர் முதலில் பணம் போடுவது ஸ்க்ரீனுக்கும் ஸ்பீக்கருக்கும். அவை காத்திருக்கலாம். ஹெட்லைட்டும் ஸ்லைடிங் டோரும் காத்திருக்கக் கூடாது. அவற்றால் அடிபடுவது நாம் மட்டும் இல்லை.

ஹெட்லைட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். டிம்மில் போட்டு ஒரு சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு வலது பாதியில் தட்டையாகவும், இடது பாதியில் சுமார் 15 டிகிரி சாய்ந்து மேலேறியும் இருக்கும். ஜப்பானில் இடப்பக்கம்தான் ரோட்டோரம். நடந்து போகிறவரும் பலகைகளும் தெரியட்டும் என்று அந்தப் பக்கம் தூக்கி விட்டிருக்கிறார்கள். நமக்கு இடப்பக்கம் எதிரே வரும் வண்டி. டிம்மில்தான் போகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, எதிரே வருபவர் கண் கூசித் தடுமாறுகிறார். பகோ தாண்டி மோல்மேன் பக்கம் நடுவில் தடுப்பில்லாத ரோட்டில் இரவில் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

“லைட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும்” என்று மெக்கானிக் சொல்வார். அதில் பாதிதான் சரி. பல்பின் நடுமையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 10 மீட்டரில் 10 செ.மீ. இறங்கும்படி வைத்தால் டிம் வெளிச்சம் 65 மீட்டர் வரை தரையைக் காட்டும். கண் கூசாதபடி 20 செ.மீ. இறக்கினால் அது 32 மீட்டராகச் சுருங்கிவிடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது; அந்த 32 மீட்டரை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவோம். குறுக்கே மாடு நின்றால் பிரேக் பிடிக்க இடம் இருக்காது. அதனால் இறக்குவதோடு, சாய்ந்து ஏறும் அந்தத் துண்டு வெளிச்சத்தையும் மறைக்க வேண்டும்.

சமதளமான இடத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்க வேண்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார வேண்டும், டேஷ்போர்டில் லைட் உயரம் மாற்றும் குமிழ் இருந்தால் அது சைபரில் இருக்க வேண்டும். லைட்டின் நடு உயரத்தை அளந்து அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் கோடு ஒட்டுங்கள். ஒரு லைட்டின் முன்னால் அட்டையை நிறுத்தி மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். இரண்டு விரல் அகலக் கறுப்பு அட்டைத் துண்டை லைட்டின் முகத்தில் மெதுவாக நகர்த்தினால், ஏதோ ஓர் இடத்தில் சுவரில் அந்தச் சாய்வு மட்டும் காணாமல் போகும். அங்கே பென்சிலால் குறித்து, அதே அளவில் கறுப்பு வினைல் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டுங்கள். லைட்டின் திருகாணியைத் திருகி, மிஞ்சிய தட்டைக் கோட்டை டேப்புக்கு 10 முதல் 12 செ.மீ. கீழே நிறுத்துங்கள். இன்னொரு லைட்டுக்கும் இப்படியே.

இது உள்ளே வெள்ளிப் பூச்சுக் குழி தெரியும் சாதாரண லைட்டுக்கு மட்டுமே. முன்னால் உருண்டைக் கண்ணாடி இருக்கும் ப்ரொஜெக்டரில் ஸ்டிக்கர் ஒட்டினால் மொத்த வெளிச்சமும் மங்கும், சாய்வு அப்படியே இருக்கும். உள்ளே பல்புக்கு முன்னால் இருக்கும் தகடுதான் அந்தக் கோட்டைத் தீர்மானிக்கிறது. லைட்டைத் திறந்து தகட்டை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இடப்பக்க ஸ்டியரிங் மாடலுக்கு வந்த லைட்டைத் தேடி மாட்ட வேண்டும். விட்ஸ், ஃபிட் போன்றவை வேறு நாடுகளில் இடப்பக்க ஸ்டியரிங்கோடும் விற்றவை, அதனால் தேடலாம். ப்ராபாக்ஸ் ஜப்பானுக்கென்றே செய்த வண்டி. அதற்கு அப்படி ஒரு லைட்டைத் தேடி அலைய வேண்டாம். ஹாலஜன் குழியில் மலிவு எல்.இ.டி. பல்பைப் போட்டுவிட்டால் மேல்விளிம்பே சிதறிப்போகும், பிறகு எந்த ஸ்டிக்கரும் பயன்படாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது ஸ்லைடிங் டோர். பழைய நோவா, சாதாரண ஹையேஸ் வேன் போன்ற பலவற்றில் ஸ்லைடிங் டோர் இடப்பக்கம் மட்டும்தான். அனவ்ரட்டா ரோட்டில் காளியம்மன் கோயில் முன்னால் வலது ஓரமாக நிறுத்தினால், பின்சீட்டுப் பாட்டியும் குழந்தைகளும் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். ஸ்லைடிங் டோர் வெளியே நீளாது. அதனால் பின்னால் வருபவருக்குக் கதவு திறந்ததே தெரியாமல் திடீரென்று ஒரு கால் ரோட்டில் தெரியும். கதவின் விளிம்பில் இருக்கும் சைல்டு லாக் நெம்புகோலை எப்போதும் போட்டே வையுங்கள். உள்ளேயிருந்து யாரும் திறக்க முடியாது. டிரைவர் சுற்றி வந்து பார்த்துத் திறப்பார். மோட்டாரால் திறக்கும் பவர் டோர் இருந்தால் டேஷ்போர்டில் உள்ள அதன் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். கதவில் உள்ள சென்சார் கை நசுங்காமல் பார்த்துக்கொள்ளும், பின்னால் வரும் டாக்ஸியைப் பார்க்காது. டவுனில் குறுகிய தெருக்கள் பலவும் ஒருவழி. அங்கே திரும்பி இடது ஓரத்தில் நிறுத்தினால் ஆட்கள் நடைபாதையிலேயே இறங்கலாம். நூறடி நடக்கிற சிரமம் பெரிதில்லை.

வலது ஸ்டியரிங்கில் நாம் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதால் முன்னால் போகிற வண்டியைத் தாண்டி எதிரே வருவது தெரியாது; முந்திப்போவது ஓட்டுகிறவரின் பழக்கத்தைப் பொறுத்தது. ரங்கூன்-மாந்தலே எக்ஸ்பிரஸ்வேயில் நடுவில் பிரிப்பு இருப்பதால் எதிர்வண்டிக் கவலை இல்லை. இருவழி ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் நமக்குத் தெரிவது லாரியின் முதுகு மட்டும். மூன்று வினாடி இடைவெளி விட்டால் பார்வை விரியும். வலப்பக்கம் வளையும் திருப்பத்தில் மட்டும் நமக்கு ஒரு வசதி உண்டு: லாரியின் வலது விலாவை ஒட்டி முன்னால் வருவது தெரியும். அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, நேர் ரோடு வந்ததும் இன்னொரு முறை பார்த்துவிட்டு முந்துங்கள். பக்கத்தில் இருப்பவர் “போகலாம்” என்று சொல்வதை, அவருக்கே வண்டி ஓட்டத் தெரிந்தால் ஒழிய நம்பாதீர்கள். ஓட்டத் தெரியாதவருக்குத் தூரத்தைப் பார்க்கத் தெரியும், வேகத்தைக் கணிக்கத் தெரியாது.

இடது சைடு மிரரில் சொந்த வண்டியின் உடல் நூலளவு தெரிந்தால் போதும். வெளி மேல்மூலையில் 5 செ.மீ. வட்டக் குவிகண்ணாடி ஒன்றை ஒட்டுங்கள். ரங்கூன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அந்த வட்டக் கண்ணாடியின் அருமை தெரியாது. பகோ போனதும் தெரியும். சில வேன், எஸ்.யு.வி.களில் முன்பக்க இடது மட்கார்டின் மேல் ஒரு குட்டிக் கண்ணாடி நிற்கும். ஜப்பானில் நடைபாதை விளிம்பைப் பார்க்க வைத்தது. இங்கே அது காட்டுவது நடுக்கோடு.

இனி பேட்டரி மாற்றும்போது நடக்கும் விபரீதம். டொயோட்டாவின் சில நேவிகேஷன் செட்டுகள் ஒரு எஸ்.டி. கார்டிலிருந்து இயங்குபவை. வண்டி இங்கே வருவதற்குள் அந்தக் கார்டு பல நேரம் காணாமல் போயிருக்கும். மின்சாரம் அறுபடாதவரை செட் ஓடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றிய அந்த நிமிஷமே ஜப்பானிய எழுத்தில் கார்டைக் கேட்டு நின்றுவிடும், ரேடியோகூடப் பாடாது. வேறு சில செட்டுகள் இஆர்சி (ERC) என்று ஓர் எண் காட்டித் திறப்புக் குறியீடு கேட்கும். ஆகவே கழற்றும் முன் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் வேலையாக அதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக் கார்டைப் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் மின்சாரம் அறுபடாமல் மாற்ற வேண்டும்: ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் தன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கும் ஓபிடி சாக்கெட்டில் 16ஆம் பின் பேட்டரி பிளஸ், 4ஆம் பின் பாடி எர்த். அதற்கென்று விற்கும் மெமரி சேவர் கேபிளால் வேறொரு 12 வோல்ட் பேட்டரியை அதில் இணைத்துவிட்டு, சாவி ஆஃபில், கதவுகள் மூடியிருக்க மாற்றுங்கள். அப்போது கழற்றிய பிளஸ் கிளாம்பில் மின்சாரம் இருக்கும். பாடியில் பட்டால் ஃபியூஸ் போகும். ரப்பர் கையுறையின் விரலை அதன் மேல் மாட்டிவிடுங்கள்.

சிக்னலில் நின்றதும் எஞ்சினைத் தானே அணைக்கும் ஐடிலிங் ஸ்டாப் உள்ள வண்டிகளுக்குப் பேட்டரியே வேறு. மேலே எம்-42, என்-55, கியூ-85 என்று எழுதியிருக்கும். அளவில் அவை சாதாரண பேட்டரிகளில் பி20, பி24, டி23 என்று குறிக்கும் பெட்டிகளுக்குச் சமம். அதே அளவுதானே என்று சாதாரண 46பி24 போட்டால் பொருந்தும், ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சினை எழுப்பும் வேலைக்கு அது தாங்காது. சாதாரண பேட்டரிதான் போடப் போகிறீர்கள் என்றால், வண்டியைக் கிளப்பியதும் வட்டத்துக்குள் ஏ எழுத்திட்ட பொத்தானை அழுத்தி அந்த வசதியை ஆஃப் செய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டியிருக்கும். ஏப்ரல் வெயிலில் ஜாமில் எஞ்சின் நின்றால் ஏசி கம்ப்ரஸரும் நின்று வெறும் காற்றுதான் வரும் என்பதால், எப்படியும் பலர் அதை அழுத்தத்தான் செய்கிறார்கள்.

சாவி திருப்பியதும் ஒரு ஜப்பானியப் பெண்குரல் பேசுகிறதே, அது டோல் கார்டு செருகவில்லை என்கிறது. அந்த டோல் கருவியான ஈ.டி.சி. பெட்டி க்ளவ் பாக்ஸிலோ ஸ்டியரிங்குக்குக் கீழேயோ இருக்கும். அதன் கனெக்டரை உருவி இன்சுலேஷன் டேப் சுற்றினால் முடிந்தது. இங்கே அதற்கு ஒரு பயனும் இல்லை. ஜப்பான் ரேடியோ பழையது என்றால் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும்; 89.0இல் சிட்டி எஃப்.எம். வரும், 90க்கு மேல் வேண்டுமானால் ஆன்டெனா பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவில், மேல் அலைவரிசைகளை ரேடியோவுக்கு எட்டும்படி இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் போட வேண்டும். அதன் சிவப்பு வயர், சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி லைனில் சேர வேண்டும். நேர் பேட்டரியில் சேர்த்தால் இரவெல்லாம் மின்சாரம் குடிக்கும்.

ஸ்மார்ட் சாவி திறக்க மறுத்தால் பதறாதீர்கள். உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியின் சின்னம் இருக்கும் பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானில் தொடுங்கள். பீப் கேட்டதும் அழுத்தினால் டொயோட்டா வண்டிகள் கிளம்பிவிடும். பட்டன் பேட்டரி மாற்ற நாணயம் போதும்; சிஆர்2032ஆ சிஆர்1632ஆ என்று பழையதன் முதுகில் பார்த்து வாங்குங்கள். ஜப்பான் ஏலத்தில் எடுத்து வந்த வண்டியோடு பெரும்பாலும் ஒரே சாவிதான் வந்திருக்கும். அது கையில் இருக்கும்போதே இரண்டாவதைப் பதிந்துகொள்ளுங்கள். இருக்கும் சாவியை வைத்து இன்னொன்று பதிவது சின்ன வேலை. எல்லாச் சாவியும் தொலைந்த பிறகு என்றால் வண்டியின் கம்ப்யூட்டரையே கழற்றவோ மாற்றவோ வேண்டி வரலாம்.