கையில முழுக் காசு, செயினும் இல்ல: அடிச்சுப் பேசவா, வேகத்தைக் காட்டவா?

இங்கிலாந்துல வீடு வாங்க மார்ட்கேஜும் (வீட்டுக் கடன்) வேணாம், விக்க வேண்டிய பழைய வீடும் இல்லன்னா (ஒரு வீட்டு விற்பனை இன்னொண்ணை நம்பித் தொடரா நிக்கிறதுதான் 'செயின்') ரெண்டு வழி இருக்கு. குறைச்சுக் கேக்கலாம், இல்ல கேட்ட விலைக்குப் பக்கத்துல போய் வீட்டை உடனே மார்க்கெட்ல இருந்து எடுக்கச் சொல்லலாம்.

விலை: குறைச்சுக் கேட்டா 4 லட்சம் பவுண்ட் வீட்டுல 5% விழுந்தாலே 20,000 மிச்சம்.
பக்கத்துல போனா மிச்சம் கம்மி, ஆனா வீடு கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி.

ரிஸ்க்: ஆஃபர் ஒத்துக்கிட்டாலும் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாத்திக்கிறது) ஆகுற வரைக்கும் யாரையும் கட்டுப்படுத்தாது, அதனால ரொம்பக் குறைச்சு வாங்கினா விக்கிறவர் நடுவுல அதிகமா குடுக்குறவர் பக்கம் தாவிடலாம்.
நல்ல விலை சொன்னா அந்தப் பயம் கொஞ்சம் குறையும், போகாது.

ரெண்டுக்குமே காசு இருக்குற ஆதாரத்தையும் சொலிசிட்டர் (வக்கீல்) விவரத்தையும் முதல் ஈமெயில்லயே போடுங்க, வாயால 'கேஷ் பையர்'னு சொன்னா ஏஜென்ட் மதிக்க மாட்டார் (எல்லாரும் அதைத்தான சொல்றாங்க). கம்மி ஆஃபரா இருந்தாலும், விக்கிறவரே அப்படிப்பட்டதைச் சொல்ல வேணாம்னு எழுதிக் குடுக்காத வரைக்கும், அவர்கிட்ட சொல்லியே ஆகணும்ங்கிறது ஏஜென்டுக்குச் சட்டம்.

காலியா கிடக்குற ப்ரோபேட் வீடு (இறந்தவரோட சொத்தா விக்க வந்தது), மாசக்கணக்கா விக்காதது, செயின் அறுந்து திரும்ப வந்ததுன்னா தைரியமா குறைங்க. நல்ல ஸ்கூல் பக்கம் வந்த புது லிஸ்டிங்னா வேகம்தான், ஆனா சர்வேயை (வீட்டு நிலைமையை நிபுணர் பாத்துச் சொல்ற சோதனை) மட்டும் விட்டுடாதீங்க.