9 மி.மீ.யா, .45-ஆ? அன்றாடம் உடன் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்கு எந்தக் காலிபர்

தற்காப்புக்காக அன்றாடம் உடன் வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கிக்கு 9 மி.மீ. காலிபர் (குண்டின் விட்டம்) போதும். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சிறந்தது என்றும் சொல்வேன். ஹூஸ்டன் புறநகரில் உள்ள எங்கள் வீட்டில் கணவருக்கு .45 ஏ.சி.பி. (குண்டின் விட்டம் சுமார் 0.45 அங்குலம்), எனக்கு 9 மி.மீ. இரண்டையும் ஒரே சுடுதளத்தில் மாற்றி மாற்றிச் சுட்டுப் பழகிய பிறகுதான் இப்படி எழுதுகிறேன். நடுநிலையாளரின் கட்டுரையை எதிர்பார்ப்பவர்களுக்கு இது உதவாது.

காலிபருக்கு முன் சட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூட வழக்காகலாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கு, மாணவர் விசாத் தகுதியை இழந்த ஒருவர் சுடுதளத்துக்குப் போனதில்தான் தொடங்கியது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலும் கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் நாங்கள் உரிமம் எடுத்தோம், மற்ற மாநிலங்கள் பல அதை ஏற்கின்றன என்பதற்காக. ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: இந்தியாவில் 9 மி.மீ., .45 இரண்டுமே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகைகள். எனவே இந்த ஒப்பீடு அங்கே பொருந்தாது.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தச் சண்டை நூறாண்டுப் பழையது. ஜெர்மனியில் கேயார்க் லூகர் 1902-இல் கொண்டுவந்தது 9 மி.மீ. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் .45-ஐ உருவாக்கினார், 1911-இல் அது ராணுவத்தின் பிஸ்டலில் ஏறியது. ஒன்று சிறிய குண்டு, கூடுதல் வேகம். மற்றது பெரிய குண்டு, குறைந்த வேகம். அவரவர் தாத்தா காலத்துப் போர்க் கதைகளோடு இரண்டு கட்சிகளும் இன்றுவரை மோதிக்கொள்கின்றன.

சண்டையைத் திசை திருப்பியது 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதல். இரண்டு வங்கிக் கொள்ளையர்களை மடக்கப்போன எஃப்.பி.ஐ. அதிகாரிகளில் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையர்களில் ஒருவனான பிளாட்டின் மேல் தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு பாய்ந்தது. கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்து, இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அவன் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தான். அதிகாரிகள் இறந்ததும் அந்த நிமிடங்களில்தான். ‘9 மி.மீ. போதாது’ என்ற வாதம் அங்கிருந்து வலுப்பெற்றது. மோதலை முடித்துவைத்தது என்ன என்பதைப் பலர் சொல்வதில்லை. ஒரு கை சிதைந்த நிலையில் அதிகாரி மிரேலெஸ் கிட்டத்தில் போய் ரிவால்வரால் சுட்ட .38 ஸ்பெஷல் குண்டுகள் அவை. காலிபரில் அது ஏறத்தாழ 9 மி.மீ. அளவுதான். பட்ட இடம்தான் வேறு.

அடுத்து எஃப்.பி.ஐ. 10 மி.மீ.க்குப் போனது. முழு வீரியத்தில் அதன் பின்னுதைப்பைப் பல அதிகாரிகளால் சமாளிக்க முடியவில்லை; வீரியத்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு அவ்வளவு நீளமான தோட்டா எதற்கு என்று சுருக்கியதில் 1990-இல் பிறந்தது .40 எஸ் அண்ட் டபிள்யூ. நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் அதன் பின்னால் போயின, எஃப்.பி.ஐ.யும் 1997-இல் அதை ஏற்றது. பிறகு 2014-இல் அதே எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு 9 மி.மீ.க்கே திரும்பலாம் என்று பரிந்துரைத்தது. நவீன ஹாலோ பாயிண்ட் (முனை குழிந்து, பட்டதும் விரியும்) குண்டுகள் அத்தனை முன்னேறிவிட்டன, பெரும்பாலான அதிகாரிகள் 9 மி.மீ.யில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பவை அது சொன்ன காரணங்கள். மோதல்களில் அதிகாரிகள் சுடும் தோட்டாக்களில் 70 முதல் 80 சதவீதம் தவறிப்போகின்றன என்றும் அந்தப் பரிந்துரை சொல்கிறது. பயிற்சி பெற்றவர்களின் கணக்கே இது. காலிபரைப் பற்றி முடிவெடுப்பவர்கள் முதலில் இந்த எண்ணை எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வீரியக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 124 கிரெய்ன் எடையுள்ள 9 மி.மீ. குண்டு வினாடிக்குச் சுமார் 1,150 அடி வேகத்தில் போகும். 230 கிரெய்ன் .45 குண்டு சுமார் 850 அடி. ஆற்றல் கணக்கிட்டால் இரண்டும் ஏறத்தாழ 500 ஜூலில் வந்து நிற்கின்றன. எஃப்.பி.ஐ. சோதனையில் சதைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை குண்டு ஊடுருவ வேண்டும். நல்ல ஹாலோ பாயிண்ட் என்றால் இரண்டு காலிபரும் தேறிவிடுகின்றன. .45 விரியும்போது இன்னும் அகலமாகத்தான் விரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது மில்லிமீட்டர்க் கணக்கு. குறி தவறுவது அங்குலக் கணக்கு, சில நேரம் அடிக் கணக்கு.

எனவே என் முழு வாதமும் ஓர் இடத்தில்தான் நிற்கிறது: பயிற்சி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதை விரிவாகச் சொல்வதில்லை.

குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்குங்கள். 9 மி.மீ.யோடு ஒப்பிட்டால் .40-க்குக் கால் பங்கு கூடுதலாக வரும், .45-க்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். துப்பாக்கி அதே எடையில் இருந்தால் அந்தக் கூடுதல் முழுவதும் மணிக்கட்டுக்கு வந்து சேரும். முதல் குண்டில் யாருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தெரியும். குழல் மேலே எழும்பி மறுபடி குறிக்குத் திரும்பும் நேரம் எனக்கு .45-இல் கண்கூடாகவே நீள்கிறது. அதைவிடக் கெட்டது, உதைப்பை எதிர்பார்த்து விசையை அழுத்தும் முன்பே கை தானாகக் கீழே தாழ்வது. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உதற மாதங்கள் ஆகும். 9 மி.மீ.யில் அது ஒட்டவே ஒட்டாது என்பதல்ல. ஆனால் அங்கே திருத்திக்கொள்வது எளிது.

அடுத்தது பணம். பயிற்சிக்கான 9 மி.மீ. தோட்டா எங்கள் பக்கத்தில் ஒன்று கால் டாலர் சுமாருக்குக் கிடைக்கிறது. .45 அதைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறைவதில்லை, சில நேரம் இரண்டு மடங்கை எட்டுகிறது. ஒரு மாலைக்கு நூறு தோட்டா, மாதத்துக்கு இரண்டு மாலை என்றால், ஆண்டுக்கு 600 டாலர் ஒருபுறம், 900 முதல் 1,200 டாலர் மறுபுறம். துப்பாக்கியின் விலையை ஒருமுறைதான் கொடுக்கிறோம். தோட்டாவின் விலையை ஆயுள் முழுக்கக் கொடுக்கிறோம். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் உள்ள குடும்பத்தில் இந்த வேறுபாடு எங்கே போய் முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்: சுடுதளத்துக்குப் போவது மாதம் இருமுறை என்பது ஒருமுறையாகி, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை என்று ஆகிவிடுகிறது. பெரிய காலிபரை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதைச் சுட்டே பல மாதங்களான ஒருவரைவிட, சிறிய காலிபரை வாரக்கணக்கில் தவறாமல் சுட்டுவரும் ஒருவர் பாதுகாப்பானவர். அவருக்கு மட்டுமல்ல, அவரைச் சுற்றி நிற்பவர்களுக்கும். தவறிப்போகும் குண்டு காற்றில் மறைந்துவிடுவதில்லை. யாருடைய வீட்டுச் சுவரிலோ, அதைவிட மோசமான இடத்திலோ போய்த்தான் நிற்கிறது.

9 மி.மீ.க்கு எதிராக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2020-இன் தட்டுப்பாட்டில் கடை அலமாரிகளில் முதலில் காலியானது அதுதான். எல்லோரும் வாங்குவதால் மலிவு, எல்லோரும் வாங்குவதாலேயே நெருக்கடியில் முதலில் மறைகிறது. விலை குறையும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி தெரியவில்லை.

கொள்ளளவு எல்லோரும் சொல்வதுதான். கிளாக் நிறுவனத்தின் 9 மி.மீ. துப்பாக்கியான கிளாக் 19-இல் 15 தோட்டா. அதே அளவுள்ள .40 கிளாக் 23-இல் 13. தடித்த .45 கிளாக் 30-இல் 10. சிறிய துப்பாக்கிகளில் 2018-இல் வந்த சிக் பி365 பத்துத் தோட்டாக்களை உள்ளங்கை அளவில் அடக்கிவிட்டது. அதற்குப் பிறகு ‘9 மி.மீ. பெரிதாக இருக்கும்’ என்ற தயக்கத்துக்குக் காரணமே இல்லை. ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் மேகசினுக்கு (தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்கு) பத்துத் தோட்டா என்பதே உச்சவரம்பு. அங்கே இந்த வாதத்தின் பலம் பாதியாகிவிடும்; .45 பக்கம் சாய்பவர்களை அங்கே நான் அவ்வளவு கடுமையாக மறுக்க மாட்டேன்.

.45-க்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிடுகிறேன். கணவருடைய 1911 (முன்பு சொன்ன ராணுவ பிஸ்டலின் வகை) முழு எஃகு, ஒரு கிலோவுக்கும் மேல். அந்த எடையே உதைப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. விசை அவ்வளவு நேர்த்தி. நிதானமாகக் குறிபார்த்துச் சுட அதைப்போல் இன்பமான பிஸ்டல் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அதை நாள் முழுக்க இடுப்பில் வைத்திருந்த அனுபவம் எனக்கு இல்லை. அவருக்கு உண்டு. ஹூஸ்டன் கோடையில், மெல்லிய சட்டைக்குள், ஒரு கிலோ எஃகு. இப்போது அது படுக்கையறைப் பெட்டகத்தில் இருக்கிறது. வெளியே போகும்போது அவரும் 9 மி.மீ.தான் எடுத்துச் செல்கிறார்.

.40-ஐப் பற்றி அதிகம் இல்லை. போலீஸ் துறைகள் 9 மி.மீ.க்குத் திரும்பியதால் அவர்கள் கழித்துவிட்ட .40 கிளாக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. வெளியே தேய்ந்தும் உள்ளே நல்ல நிலையிலும் இருப்பவை பல. கை தேர்ந்தவர்களுக்கு நல்ல வாங்குதல்தான். முதல் துப்பாக்கியாக வாங்குபவர்களுக்கு வேண்டாம். வாங்கும்போது மிச்சமாகும் தொகை தோட்டாவில் போய்விடும், உதைப்போ 9 மி.மீ., .45 இரண்டையும்விடச் சட்டென்று அடிக்கும் வகை. திருப்பி விற்கப்போனாலும் அதே மலிவு விலைதான் உங்களுக்கும் கிடைக்கும்.

.380 மட்டும் நான் தயங்கும் இடம். 9 மி.மீ. குண்டின் அதே விட்டம், தோட்டாவின் உறை 2 மி.மீ. குட்டை, ஆற்றல் ஏறத்தாழ பாதி. ரூகர் எல்.சி.பி. போன்ற குட்டித் துப்பாக்கிகள் சட்டைப் பையில்கூட மறையும். எடை குறைவாக இருப்பதால் அவற்றின் உதைப்பு கையை வலிக்கவைக்கும். ‘சிறிய காலிபர், பெண்களுக்கு ஏற்றது’ என்று அவற்றை நீட்டும் விற்பனையாளர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. ஆனால் மூட்டுவாதத்தால் ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியை) பின்னுக்கு இழுக்க முடியாத மூத்தவர்களுக்கு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈசி போன்ற சற்றுப் பெரிய .380 உண்மையான தீர்வு. அதே ஈசி இப்போது 9 மி.மீ.யிலும் வருகிறது. இரண்டையும் கையில் எடுத்து இழுத்துப் பார்த்த பிறகு முடிவெடுக்கட்டும். .38 ரிவால்வரை நான் அரிதாகத்தான் சுட்டிருக்கிறேன். ஐந்து தோட்டா, கனத்த விசை என்பதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

9 மி.மீ. என்று முடிவுசெய்துவிட்டால் மிச்சம் இருப்பது தோட்டா. உடன் வைத்திருக்க ஃபெடரல் எச்.எஸ்.டி. அல்லது ஸ்பியர் கோல்டு டாட் ஹாலோ பாயிண்ட், 124 அல்லது 147 கிரெய்ன். பயிற்சிக்கு மலிவான, முழு உலோக உறையிட்ட குண்டு போதும், ஆனால் தற்காப்புக்கு அது வேண்டாம். விரியாமல் துளைத்துக்கொண்டு அப்பால் போய்விடும். ஹாலோ பாயிண்ட் விலை கூடுதல்தான். இருந்தாலும் உங்கள் துப்பாக்கியில் அது சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று சில பெட்டிகளாவது சுட்டுப் பார்த்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெட்டகம் துப்பாக்கிக்கு முன்பே வாங்க வேண்டியது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இரவு தோறும் துப்பாக்கியைக் காலி செய்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி குழலில் ஏற்றிக்கொண்டே இருந்தால் குண்டு உறைக்குள் சிறிது சிறிதாக அமுங்கும். அமுங்கிய தோட்டாவைச் சுட்டால் குழலுக்குள் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மேலே ஏற்றும் தோட்டாவை அடிக்கடி மாற்றுங்கள். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம். தனியே எடுத்து வைத்து, சுடுதளத்துக்குப் போகும்போது அங்குள்ள ஊழியர்களிடம் அப்புறப்படுத்தும் வழியைக் கேளுங்கள்.