ஃபேன் சுற்றும் அறைக்கு எந்த சென்சார்?

எங்கள் வேலூர் வீட்டு மாடியறையில் அப்பா காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆள் வந்தால் விளக்கும் ஃபேனும் ஓட வேண்டும், போனால் நிற்க வேண்டும் என்று அங்கே ஒரு மோஷன் சென்சாரை மாட்டி, வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் நாளே கூப்பிட்டார். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை ஆட்டிக்கிட்டே படிக்கணுமாப்பா?" ஃபேன் நின்றுபோய், வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம் ஒரு கோடை முழுவதும் மூன்று வகை சென்சார்களை அதே அறையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

ஒன்று, பேட்டரியில் ஓடும் சாதாரண பிஐஆர் மோஷன் சென்சார். இரண்டாவது, பிஐஆரும் மில்லிமீட்டர் அலை ரேடாரும் ஒரே டப்பாவில் சேர்ந்து, காசு அளவுள்ள பட்டன் பேட்டரியில் ஓடுவது. மூன்றாவது, எல்டி2410 என்ற சின்ன ரேடார் மாட்யூலை ஈஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டோடு இணைத்து நானே செய்தது. இது தகவலை வைஃபையில் அனுப்பும், ஆனால் மின்சாரத்துக்கு ஒரு அடாப்டர் ஒயர் வேண்டும். இப்போது அப்பா அறையில் நிலையாக இருப்பது இந்த மூன்றாவதுதான்.

பிஐஆரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது உடம்புச் சூடு இடம் மாறுவதை மட்டும் பார்க்கிறது. ஆள் அசையாவிட்டால் அதற்கு ஆளே இல்லை. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதத் தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருக்கும் அறையின் சுவரும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் குறையக் குறைய பிஐஆர் மந்தமாகிவிடும். மே மாதம் பிற்பகலில் நான் அறைக்குள் நடந்து போயே இரண்டு மூன்று முறை அது கவனிக்கவில்லை. மாடிப்படி, குளியலறை, வாசல் போன்ற இடங்களுக்கு இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன். அங்கே யாரும் அசையாமல் உட்காருவதில்லை, பேட்டரியும் ஆண்டுக்கணக்கில் வரும்.

ரேடார் வேறு ரகம். 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 மில்லிமீட்டர்தான். அதனால் மூச்சு விடும்போது நெஞ்சு மில்லிமீட்டர் கணக்கில் ஏறி இறங்குவதையே திரும்பி வரும் அலையில் கண்டுபிடித்துவிடும். அப்பா பேப்பரைப் பிடித்தபடி தூங்கிப்போனாலும் ஆள் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும். முதல் நாள் இதைப் பார்த்தபோது பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் மூச்சே தெரியும் கண்ணுக்கு, தலைக்கு மேலே சுற்றும் நான்கடி ஃபேன் தெரியாமல் போகுமா?

ஏசி அறைகளில் சோதித்து எழுதுபவர்களுக்கு இந்தச் சங்கடம் பெரிதாகத் தெரியாது. நம் வீடுகளில் ஆள் இருக்கிற நேரமெல்லாம் ஃபேன் ஓடுகிறது. அப்பா எழுந்து போனபிறகும் சென்சார் ஃபேனைப் பார்த்து "ஆள் இருக்கிறார்" என்று சொல்கிறது. ஆள் இருப்பதால் ஃபேன் ஓடுகிறது, ஃபேன் ஓடுவதால் ஆள் இருக்கிறார். ஒருநாள் ஊருக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பினால், பூட்டிய அறையில் ஃபேனும் விளக்கும் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்து, நம் வீட்டுக்கு எந்த சென்சார் என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான். விலையும் அழகும் அப்புறம்.

பேட்டரி ரேடாரை இதே கேள்வியோடுதான் சோதித்தேன். ஒயர் இல்லாததால் அதை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம், அது பெரிய வசதி. ஆனால் அதன் செயலியில் உணர்திறனுக்கு மூன்று நிலைகள் மட்டுமே இருந்தன. உயர்நிலையில் வைத்தால் ஃபேனைப் பிடித்துக்கொண்டது. குறைந்த நிலையில் வைத்தால், ஃபேன் மூன்றாம் நம்பரில் ஓடும்போது ஏமாறவில்லை, ஆனால் அசையாமல் படிக்கும் அப்பாவையும் இருபது நிமிடத்தில் விட்டுவிட்டது. நடுநிலையில் இரண்டு தவறும் கொஞ்சம் கொஞ்சம்.

அதற்குக் காரணம் அதன் பேட்டரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்டி2410 சராசரியாக 79 மில்லியாம்பியர் இழுக்கிறது. சிஆர்2450 பட்டன் பேட்டரியில் இருப்பது சுமார் 600 மில்லியாம்பியர்-மணி. இப்படிப்பட்ட ரேடாரை விடாமல் ஓடவிட்டால் கணக்குப்படியே ஒரு பகல்கூட முழுசாக வராது. அதனால் பேட்டரி சென்சார்களில் ரேடார் பெரும்பாலும் தூங்குகிறது. பிஐஆர் எழுப்பினால் எழுந்து, விட்டு விட்டுப் பார்த்து, மறுபடியும் தூங்கும். விட்டு விட்டுப் பார்ப்பவனுக்கு மூச்சு எது, ஃபேன் எது என்று பிரித்தறிய நேரம் குறைவு. கம்பெனி சொல்லியிருக்கிறபடி பேட்டரி ஆண்டுக்கணக்கில் வருமா என்பதை நான் சொல்வது சரியாகாது, வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது.

ஒயர் போட்ட ரேடார் தூங்குவதில்லை. ஈஎஸ்பி32-ஐயும் சேர்த்து ஒரு வாட் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுக்க ஓடினாலும் ஒன்பது யூனிட்டைத் தாண்டாது. எனக்கு அது பிடித்துப்போனதற்கு முக்கியமான காரணம் வேறு. எல்டி2410 தன் முன்னால் இருக்கும் தூரத்தை 75 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்பது பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் திரும்பி வரும் அலையின் பலம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு எண்ணாகச் சொல்லும். எத்தனைக்கு மேல் போனால் ஆள் என்று கொள்ளலாம் என்பதைப் பட்டைக்குப் பட்டை நாமே வைக்கலாம்.

முதலில் கதவுக்குப் பக்கத்தில் சுவிட்ச் போர்டுக்கு மேலே வைத்துத் தவறு செய்தேன். பிளக் இருக்கும் இடம் அதுதானே! அங்கிருந்து அப்பாவின் நாற்காலி மூன்று மீட்டர், ஃபேன் இரண்டு மீட்டர். ஆளைவிட ஃபேன் பக்கத்தில் இருந்தால் எதைக் கழிப்பது? ஒரு நீளமான யூஎஸ்பி ஒயர் வாங்கி, சுவரோரமாக இழுத்து, மேஜைக்குப் பின்னால் நாற்காலியைப் பார்த்தபடி வைத்தேன். இப்போது அப்பா ஒரு மீட்டரில். ஃபேனின் இறக்கை நுனி மிக அருகில் வரும்போதுகூட இரண்டு மீட்டருக்கு மேல்.

அப்புறம் ஈஎஸ்பி32-ஐ இயக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளில், பட்டைவாரியாக எண்களைக் காட்டும் இன்ஜினியரிங் மோடை ஆன் செய்து, அறையைக் காலியாக விட்டு, ஃபேனை ஒன்றாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பர் வரை ஓட்டி, ஒவ்வொரு பட்டையின் எண்ணையும் ஒரு தாளில் எழுதினேன். அடுத்து ஃபேனை நிறுத்திவிட்டு அப்பாவை உட்காரவைத்து, அசையாமல் இருக்கச் சொல்லி மறுபடியும் எழுதினேன். அவரும் பொறுமையாக உட்கார்ந்தார். ஃபேன் மூன்றாவது பட்டையிலிருந்துதான் தெரிந்தது. அப்பா இரண்டாவது பட்டையில் தெளிவாக இருந்தார். அதனால் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாப் பட்டைகளுக்கும் வரம்பை 100 ஆக்கிவிட்டேன். 100 என்றால் அந்தப் பட்டையைப் பார்க்கவே வேண்டாம் என்று அர்த்தம். அன்றோடு பூட்டிய அறையில் ஃபேன் ஓடுவது நின்றது.

இதில் ஒரு குறை உண்டு. ஒன்றரை மீட்டர்தான் பார்க்கிறது என்பதால், கதவைத் திறந்து உள்ளே வருபவர் நாற்காலிக்கு வரும்வரை விளக்கு எரியாது. பழைய பிஐஆரைக் கதவுக்கு மேலே மாட்டி அதைச் சரிசெய்தேன். விளக்கைப் போடுவது பிஐஆர். ஆள் இருக்கிறாரா என்று பிடித்துவைப்பது ரேடார். இரண்டும் இல்லை என்று சொல்லி இரண்டு நிமிடம் கழித்துத்தான் ஃபேன் நிற்கும். கட்டிலும் மேஜையும் எதிரெதிரே உள்ள அறைக்கு ஒரு ரேடார் போதாது, எனக்கு அப்படி ஓர் அறை இல்லாததால் சோதிக்கவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ரேடாருக்கு மின்சாரத்தை ஈஎஸ்பி32-இன் 5 வோல்ட் முனையிலிருந்து கொடுங்கள். அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் போடுங்கள், ரௌட்டரும் அதே லைனில் இருக்கட்டும். கரண்ட் போய் ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது சென்சார் செத்துக் கிடந்தால் இவ்வளவு பாடும் வீண். செலவு எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. பேட்டரி ரேடார் அதைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் சால்டரிங்கும் கொஞ்சம் கம்ப்யூட்டர் வேலையும் வராதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கடையில் கிடைக்கும், யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் ரேடாரை வாங்கலாம். தூரத்தைப் பகுதி பகுதியாகக் கழிக்க வழி இருக்கிறதா என்று மட்டும் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

பேட்டரி ரேடாரை நான் தூக்கிப் போடவில்லை. சாமி விளக்கு அணைந்துவிடும் என்று அம்மாவின் பூஜை அறையில் ஃபேன் வைக்கவில்லை, பிளக் பாயின்ட்டும் கிடையாது. அங்கே அம்மா அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சாமி படத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். உயர்நிலை உணர்திறனில், இந்த மாதம் முழுக்க ஒருமுறைகூட லைட் அணையவில்லை.