செம்புராங்கல் போட்ட மீன்தொட்டி: சில வருட அனுபவம்

போன வாரம் ஃபில்டர் ஓடாமல் நின்றுவிட்டது. காரைக்குடியில் ரிப்பேர் பார்க்கும் தம்பி மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் குட்டிக் காந்தத்தை எடுத்து நீட்டினான். அதைச் சுற்றிலும் செங்கறுப்பாக ஒரு பொடி, பூனை மயிர் மாதிரி குத்திட்டு நின்றது. "அண்ணே, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. காந்தத்துல மண்ணு புடிச்சிருக்கு" என்றான். தொட்டியில் நான் போட்டிருப்பது எங்கள் ஊர்ச் செம்புராங்கல், ஓட்டை ஓட்டையான செந்நிறக் கல். அதில் இரும்பு அதிகம். உதிரும் பொடியில் கொஞ்சம் காந்தத்தில் ஒட்டும் ரகம். அது நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

தேவகோட்டை நண்பர் ஒருவர், "கடைக் கல் விலை கட்டுப்படியாகலை, நம்மூர்க் கல்லையே போடலாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கலே கல்லைத் தேர்வு செய்வதில்தான். தோண்டி எடுத்த புதுச் செம்புராங்கல் இளசாக இருக்கும்; காற்றும் வெயிலும் பட்ட பிறகுதான் இறுகும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆய்வு செய்த ஸ்காட்லாந்துக்காரர் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் இதே குணத்தைப் பார்த்துத்தான் 1807இல் வெளிவந்த நூலில் இந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். புதுக்கல்லைத் தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் செந்தண்ணீர்தான். இடிந்த பழைய மதில் கல் நன்றாக இறுகியிருக்கும், அதை எடுங்கள்.

ஆனால் செட்டிநாட்டில் பழைய மதில் என்றால் சுண்ணாம்புக் காரை இல்லாமல் இருக்காது. கல்லின் ஓட்டைகளுக்குள் வெள்ளையாக அடைத்திருக்கும். அது தண்ணீரில் கரைந்தால் கடினத்தன்மையும், காரத்தைக் காட்டும் பிஹெச் அளவும் ஏறும். இங்கே நிறைய வீடுகளில் போர் தண்ணீரே உப்பும் கடினமுமாக வருகிறது. கப்பி, மோலி மீன்கள் இதைத் தாங்கும். மென்மையான தண்ணீர் கேட்கும் நியான் டெட்ரா, டிஸ்கஸ் மீன்களை வளர்ப்பவர்கள் பாடு திண்டாட்டம். காய்ந்த கல்லில் வினிகர் சொட்டுவிட்டுக் கண்ணை அருகே வைத்துப் பாருங்கள். செம்புராங்கல் சும்மா இருக்கும். காரை பட்ட இடம் பொடிப்பொடியாக நுரைக்கும். பழைய ஸ்க்ரூ டிரைவரால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் திரும்பவும் சொட்டிப் பாருங்கள். நுரை நிற்கும்வரை விடக்கூடாது.

சோப்பு, டிடர்ஜென்ட் கிட்டேயே வரக்கூடாது. ஓட்டைக்குள் போனால் திரும்பி வராது, மீன்தான் சாகும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவும் வைக்காதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். வெளியே வைத்துக் கொதிநீர் ஊற்றினால் போதும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வாளியில் ஊறவைத்து, அடியில் செம்மண் படிவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள்.

இதைவிட முக்கியம் காயவைப்பது. வெயிலில் முழுக்கக் காய்ந்த கல்லைத் தட்டினால், ஈரத்தில் ஒட்டிக்கிடந்த பொடி எல்லாம் கொட்டும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே தடவுங்கள், துணியில் எவ்வளவு ஒட்டுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். காயவைப்பதும் ஊறவைப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் உதிர்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் வெள்ளை மணல் மேல் செம்படலம். ஸ்பாஞ்சைப் பிழிந்தால் செங்காவித் தண்ணீர்.

அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். நனைந்ததும் கல் அடர்சிவப்பாகிவிடும், அதன் முன்னால் அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் பச்சை இலை எடுப்பாகத் தெரியும். நூல் கட்டி வைத்த செடி கொஞ்ச நாளில் ஓட்டை ஓட்டையாக வேரை நுழைத்துக்கொண்டது. இப்போது இழுத்தாலும் வராது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கும் அந்த ஓட்டைகள் நல்ல குடியிருப்பு. குஞ்சுகள் ஒளிவதும் அங்கேதான். கடைக் கல் எதிலும் இந்த உயிர்ப்பை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் நண்பரே, நீங்கள் வெங்கச்சங்கல்லோ (குவார்ட்ஸ்) கருங்கல்லோ போடுங்கள். அவை உதிராது, தண்ணீரையும் மாற்றாது. கூர் முனையை மட்டும் உரசி மழுக்கிவிடுங்கள். செம்புராங்கல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்சு மாட்டி, மாதம் ஒருமுறை காந்தத்தைக் கழற்றித் துடையுங்கள். என் தொட்டியில் இருப்பதை நான் எடுக்கப்போவதில்லை.